கப்சாய் ‘டப்’பென வெடிக்கிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பெர்மாஸ் ஜெயா: விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் பெர்மாஸ் ஜெயாவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே மோட்டார்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறத் தொடங்கிவிடும். தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஜொகூர் பாரு நகரை அடைந்து, சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் குடிநுழைவுச் சோதனையை முடித்துக்கொண்டு, கடற்பாலம் வழியாக உட்லண்ட்ஸ் போய்ச் சேர வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் பலருக்கு இதுதான் அன்றாடம்.

அந்த நேரத்தில் மோட்டார் இழுக்க மறுக்கிறது. குலுங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் எக்ஸோஸ் பைப்பில் ‘டப் டப்’ என்று வெடிக்கிறது. கடற்பாலத்தின் நெரிசலில் நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய சம்பளத்துக்கே ஆபத்து. சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டு, பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் வார்த்தை: “கார்புரேட்டர் கோளாறு, கழற்றிக் கழுவணும்.”

சில நேரம் அது சரியாகவே இருக்கும். பல நேரம் கார்புரேட்டர் மேல் எந்தக் குற்றமும் இருக்காது. கழுவி, திருகை மாற்றித் திருப்பி, புதிய ஜெட் போட்டும் வெடிப்பு நிற்காமல், கடைசியில் பழைய பிளக் ஒன்றுதான் காரணம் என்று தெரியவரும். அதற்குள் கைக்காசு கரைந்திருக்கும். ஒழுங்காக இருந்த கார்புரேட்டரும் அளவு மாறிப் போயிருக்கும்.

வெடிச்சத்தம் ஒரு காய்ச்சல் போல. காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, எப்போது வெடிக்கிறது, எந்தப் பக்கம் வெடிக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு இருந்தது நினைவிருக்கலாம். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு குழாயின் வாயை உரசிக்கொண்டு வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் அங்கே அழுத்தம் குறைய, கீழே டப்பாவில் இருக்கும் மருந்து மேலேறித் தூறலாகச் சிதறும். கார்புரேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்து வழியாகப் பாய்கிறது. வேகம் கூட, அழுத்தம் குறைய, கீழேயுள்ள சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஒடுங்கிய பாதையில் அழுத்தம் குறைவதை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரிலேயே அந்தக் கழுத்தை இன்றும் அழைக்கிறார்கள்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. என்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது, ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரில் நொடிக்கு 50 முறை பிளக் தீ மூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கலவை சரியாக இருக்க வேண்டும். தீப்பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும். வால்வுகள் இறுக மூடியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் வேறோர் இடத்தில் எரிகிறது. நம் காதில் விழும் வெடிச்சத்தம் அதுதான்.

புதிய மோட்டார்களில் இந்த வேலையைக் கணினி கவனிக்கிறது. ஆனால் பழைய ஹோண்டா இஎக்ஸ்5, 1996இல் அறிமுகமான மோடெனாஸ் கிரிஸ் போன்ற கார்புரேட்டர் கப்சாய்கள் இன்னும் ஜொகூர் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எளிய கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்க முடிவதும் அவை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

முதல் கேள்வி: எப்போது வெடிக்கிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மூன்று விதமாக வரும்.

ஒன்று, வேகமாகப் போய் ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் எக்ஸோஸில் ‘பட பட’வென்று சிறு வெடிப்புகள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் ஆவி சூடான பைப்புக்குள் போய் எரிகிறது என்று பொருள். கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். அல்லது எக்ஸோஸ் பைப் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் தேய்ந்து, வெளிக்காற்று உள்ளே புகலாம்.

இரண்டு, ஆக்சிலேட்டரைத் திடீரென முறுக்கும்போது முன்னால், கார்புரேட்டர் பக்கம் ‘புஸ்’ என்று துப்புவது போன்ற வெடிப்பு. கலவையில் பெட்ரோல் மிகக் குறைவு, அல்லது காற்று உள்ளே வரும் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது தீப்பொறி விழும் நேரம் தவறியிருக்கிறது.

மூன்று, ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது துப்பாக்கி போலப் பெரிதாக ஒரு வெடி. நடுநடுவே என்ஜின் விட்டுவிட்டு ஓடும். இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறியைத்தான். பிளக் சில சுற்றுகள் தீ மூட்டாமல் விட்டால் எரியாத கலவை எக்ஸோஸ் பைப்பில் சேர்ந்துகொண்டே போகும். அடுத்து ஒரு தீப்பொறி சரியாக விழுந்ததும் சேர்ந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும். ஓடும்போது சாவியை அணைத்து மீண்டும் போட்டு இளைஞர்கள் சிலர் வேடிக்கையாக வெடிக்க வைப்பதும் இதே முறையில்தான். அந்த வேடிக்கையில் எக்ஸோஸ் பைப்பின் உள்தடுப்புகள் கிழிந்துபோகும்.

இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தொடங்குவதற்கு முன் என்ன மாறியது? புதிய எக்ஸோஸ் போட்டீர்களா, காற்று வடிகட்டியைக் கழற்றினீர்களா, பெருமழையில் ஓட்டினீர்களா, பல வாரம் ஓட்டாமல் வைத்திருந்தீர்களா? பதில் அங்கேயே இருக்கக்கூடும்.

நின்றுபோன மோட்டாரின் கதை

நீண்ட நாள் நின்ற மோட்டாரின் கோளாறு ஜொகூர்வாசிகளுக்குப் புதிதல்ல. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கடற்பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் மோட்டாரோட்டிகள் மீண்டும் வழக்கம்போல் எல்லையைக் கடக்க முடிந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் நின்ற இடத்திலேயே நின்ற மோட்டார்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதைப் பெட்ரோலின் குணம் சொல்லிவிடும்.

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். மீதி இருப்பது நாளடைவில் பழுப்பேறி, பிசின் போலப் படியும். அந்தப் பிசின் முதலில் அடைப்பது பைலட் ஜெட் எனப்படும் மிகச் சிறிய துளையைத்தான். என்ஜின் நின்ற நிலையில் ஓடுவதும், ஆக்சிலேட்டரைச் சிறிதே முறுக்கும்போது பெட்ரோல் வருவதும் இதன் வழியாகத்தான். நடுப்பகுதி முறுக்கலை ஊசியும், முழு முறுக்கலை மெயின் ஜெட்டும் கவனித்துக்கொள்கின்றன. எனவே சோக் இழுத்தால்தான் ஓடுகிறது, நிறுத்தத்தில் அணைந்துவிடுகிறது, ஆனால் வேகமாகப் போனால் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைப்பு என்று கணிக்கலாம். முழு முறுக்கலில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டையும் பெட்ரோல் வரும் வழியையும் பார்க்க வேண்டும்.

ஆகவே பல மாதம் நின்ற மோட்டாருக்குக் கார்புரேட்டரைக் கழுவுவது நியாயமான முதல் வேலை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய மோட்டாருக்கு அது கடைசி வேலை.

வரிசையாகப் பாருங்கள்: செலவு குறைந்ததே முதலில்

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனைகளைத் திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோலைத் திறக்கும் இடத்தில் சிகரெட்டும் தீப்பொறியும் கூடாது. மூடிய இடத்தில் என்ஜினை ஓட விடக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

முதலில் பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, வழியும் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். மழைநீர் தொட்டி மூடி வழியாக இறங்கியிருக்கலாம். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் பாதி காலியான தொட்டிக்குள் நீர் வியர்ப்பதும் உண்டு. பழைய பெட்ரோலை முழுதாக இறக்கிவிட்டுப் புதியதைப் போட்டால் சில கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிறதா? தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு மோட்டார் ஒழுங்காக ஓடினால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

இரண்டாவது பிளக். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் புதியது வாங்கிவிடலாம். கழற்றிய பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம். கருப்பு எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பல கப்சாய்களுக்கு முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

பிளக்கோடு அதன் தொப்பியையும் வயரையும் பாருங்கள். மழைநாளில் மட்டும் கோளாறு வருகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். இருட்டில் என்ஜினை ஓடவிட்டு எட்ட நின்று பார்த்தால், வெடித்த வயரிலிருந்து நீலப் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். ஓடும்போது வயரைக் கையால் தொடக்கூடாது.

மூன்றாவது சோக் சோதனை. என்ஜின் நன்றாகச் சூடானபின் சோக்கை மெல்ல இழுங்கள். ஒழுங்கான என்ஜின் சோக் இழுத்ததும் திணறும். மாறாக, ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அடித்துச் சொல்லலாம். பைலட் ஜெட் அடைப்பா, வெளிக்காற்று புகுகிறதா என்பதே அடுத்த கேள்வி.

நான்காவது காற்று புகும் வழிகள். காற்று வடிகட்டி அழுக்கேறியிருந்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிகுந்து, கரும்புகை வரும். வடிகட்டியே இல்லாமல் ஓட்டினால் காற்று மிகுந்து வெடிக்கும். தூசியும் நேரே சிலிண்டருக்குள் போகும். காகித வடிகட்டியைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாயில் ரப்பர் வெடித்திருக்கிறதா, திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். என்ஜினை இயக்கி, சூடேறும் முன் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் அது உறிஞ்சப்பட்டு ஓட்டத்தின் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலையோ தீப்பற்றும் ஸ்பிரேயையோ அடிப்பவர்கள் உண்டு. சூடான என்ஜின் மேல் அது விபரீதம்.

எக்ஸோஸ் பைப் என்ஜினைத் தொடும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தால் கேஸ்கெட் கசிகிறது. சில வெள்ளிச் செலவில் ஆக்சிலேட்டரை விடும்போது வரும் வெடிப்பு நின்றுவிடக்கூடும்.

ஐந்தாவது வால்வு இடைவெளி. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டார்களில் என்ஜின் குளிர்ந்த நிலையில் இந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர்தான். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அமிழ, இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. காற்று வரும் வால்வு மூடாவிட்டால் தீ கார்புரேட்டர் பக்கம் துப்பும். புகை போகும் வால்வு மூடாவிட்டால் அதன் விளிம்பு எரிந்துபோகும். பிறகு சிலிண்டர் தலையையே இறக்க வேண்டியிருக்கும். ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய தகட்டை வைத்து அளந்து சரிசெய்வது சிறு வேலை. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். டைமிங் செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஆறாவதாகக் கார்புரேட்டர். ஜெட் துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மிருதுவானது, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு மாறிவிடும். அதற்கான திரவத்தில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊத வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

கலவைத் திருகைத் தொடும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, முழுதாக மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குழம்பினால் பழைய இடத்துக்கே திரும்ப அது உதவும். பொதுவாக, திருகு வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு; வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இந்த வேறுபாடு தெரியாமல் திருப்பியே பலர் கோளாறைப் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்போர் தாமதிக்க வேண்டாம்

யமஹா ஒய்125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் இவ்வகை வால்வுகள் கிடையாது. அங்கே வெளிக்காற்று புகும் முக்கிய வழி கிராங்க் சீல். அது தேய்ந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது. பிஸ்டன் சூடேறி, ஓட்டத்திலேயே இறுகிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக்சிலேட்டரை விட்டபின்னும் என்ஜின் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போவதே நல்லது.

பட்டறைக்குப் போகும்போது

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக்கின் கைக்கும் காதுக்கும் ஈடில்லை. ஆனால் அவரிடம் “மோட்டார் வெடிக்குது அண்ணே” என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தால், அவரும் ஊகத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: முறுக்கும்போது வெடிக்கிறதா, விடும்போதா, சத்தம் முன்னாலா, பின்னாலா, குளிர்ந்த நிலையிலா, சூடான பிறகா, சோக் இழுத்தால் கூடுகிறதா, குறைகிறதா. பிளக்கையும் வால்வு இடைவெளியையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டாமல் சில வாரம் வைக்க வேண்டியிருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடிகால் திருகு வழியாக இறக்கிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. நின்ற மோட்டாரில் பிசின் படியாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

இன்றிரவு மோட்டாரை நிறுத்தும் முன் ஒரு நிமிடம் அதன் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நாலரை மணிக்குத் தெரியவரும் கோளாறைவிட, முதல் நாள் மாலையில் தெரியவரும் கோளாறு செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.